செதுக்கிய கைக்கும் பெயர் உண்டு

நியூ ஜெர்ஸி அன்பர்களில் பலர் பிலடெல்பியா அருங்காட்சியகத்தில் மதுரை மதனகோபால சுவாமி கோவிலின் கல் மண்டபத்தைக் குடும்பத்துடன் கண்டு வந்திருப்பார்கள். நியூயார்க்கிலும் பார்க்கவேண்டிய இந்திய வேலைப்பாடு ஒன்று உண்டு என்பதை அறிந்தோர் குறைவு. ஐந்தாம் அவென்யூவில், 91-ஆம் தெருவருகே, கோடீசுவரர் கார்னகியின் மாளிகையாக இருந்து இன்று கூப்பர் ஹ்யூவிட் அருங்காட்சியகமாக விளங்கும் கட்டிடத்தின் தேக்கு அறையே அது.

அந்த அறையை அமைத்தவர் லாக்வுட் டி ஃபாரஸ்ட் (1850–1932) என்னும் அமெரிக்க அலங்காரக் கலைஞர். அவர் 1881-ல் அகமதாபாத் சென்று, அங்கு புகழ்பெற்ற சமண ஆலயத்தைக் கட்டிய ஹதீசிங் குடும்பத்தைச் சேர்ந்த மகன்பாயுடன் கூட்டாக ஒரு மரச்சிற்பப் பட்டறை தொடங்கினார். பழைய வீடுகளிலும் மசூதிகளிலும் காணப்பட்ட கொடி, பூ, ஜாலி வேலைகளை உள்ளூர்த் தச்சர்கள் மீண்டும் செதுக்கினர். வாசல்களையும் தூண்களையும் அலங்கரித்த அந்த வேலைப்பாடு, கடல் கடந்து செல்வந்தர் வீடுகளில் சுவர்ப் பலகையாகவும் கணப்பைச் சுற்றிய சட்டமாகவும் உருமாறியது.

இது கலையின் மறுமலர்ச்சியா, அந்நிய ரசனைக்காகச் செய்த சரக்கா? இரண்டும் உண்மையே. வேலை கிடைத்தால்தான் உளி துருப்பிடிக்காது. அந்த வேலையைத் தந்தவர் டி ஃபாரஸ்ட். குஜராத்தின் பாடன் நகரச் சமண ஆலயத்தின் மர மண்டபத்தை அவரும் அவர் சகோதரர் ராபர்ட்டும் 1916-ல் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்துக்கு அளித்ததால், இன்று அதையும் காண முடிகிறது. இதற்கெல்லாம் நன்றி சொல்வதே பண்பு.

ஆயினும் ஒரு குறை மனத்தை உறுத்துகிறது. தேக்கு அறை டி ஃபாரஸ்டின் படைப்பாகவே பேசப்படுகிறது. இரவு பகலாக உளி பிடித்தவர்கள் ‘அகமதாபாத் தச்சர்கள்’ என்ற ஒரே சொல்லில் அடங்கிவிடுகிறார்கள்.

அருங்காட்சியகத்தை மட்டும் குறை கூறிப் பயனில்லை. தமிழகத்திலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் சிற்பிகள் வந்து, பனியிலும் குளிரிலும் இந்நாட்டு ஆலயங்களுக்கு விமானமும் கோபுரமும் அமைத்துத் தந்தார்கள். நன்கொடையாளர் பெயர்கள் பளிங்கில் பொறிக்கப்படுகின்றன, அது நியாயமே. தலைமை ஸ்தபதியின் பெயரும் சில இடங்களில் காணப்படும். அவருடன் வந்த மற்றவர்கள்?

ஒவ்வோர் ஆலயச் சங்கமும் தன் கும்பாபிஷேக மலரில் அத்தனை சிற்பிகளின் பெயரையும் ஊரையும் அச்சிடுவது கடமை. பெரிய செலவில்லை, ஒரு பக்கம் போதும். நூறாண்டு கழித்து ஆலயத்தைக் காணும் குழந்தை ‘இதைச் செய்தது யார்?’ என்று கேட்டால், பதில் அங்கே இருக்கவேண்டும்.