ஜிம்மியைச் சிரிக்கச் சொல்லாதீர்கள்!

‘நாய் நன்றியுள்ள பிராணி. அதற்கு நான்கு கால்கள் உண்டு. ஒரு வால் உண்டு’ என்று ஒன்றாம் வகுப்பிலேயே எழுதி மதிப்பெண் வாங்கியவர்கள் நாம். பத்தாம் வகுப்புக்கு வந்த பின்னும் நாயைப் பற்றியா கட்டுரை என்று தோழியர் நகைக்கலாம். நகைக்கட்டும்! நாங்கள் எழுத வந்தது நாயைப் பற்றி மட்டும் அன்று. வீட்டில் வளரும் நாயை நாம் புகைப்படம் எடுக்கிறோமே, அந்த முறையைப் பற்றி. அதில் பெரும்பாலோர் செய்வது தவறு என்பது எங்கள் கட்சி. அந்தத் தவற்றை அதிகமாகச் செய்தவர்கள் நாங்களே என்பதால் இதைச் சொல்ல எங்களுக்கு உரிமை உண்டு.

எங்கள் ஜிம்மி கறுப்பு நாட்டு நாய். (இலக்கணப்படி ‘அது’ என்றே எழுத வேண்டும். பன்னிரண்டு ஆண்டுகள் எங்களோடு வளர்ந்தவனை அஃறிணையில் எழுதக் கை வரவில்லை. தமிழாசிரியை பொறுத்தருள்வாராக!) சென்ற ஜூன் மாதத்தில் அவன் இறந்துபோனான். கூடத்தில் மாட்ட ஒரு நல்ல படம் தேடி எடுங்கள் என்று அம்மா சொன்னார்கள். அக்காவும் தம்பியும் சேர நாங்கள் மூவரும் கைப்பேசியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். படங்களுக்கா பஞ்சம்? முந்நூறுக்கு மேல் இருந்தன. கிறிஸ்துமஸ் தாத்தாவின் சிவப்புக் குல்லாயுடன் ஜிம்மி, அப்பாவின் கறுப்புக் கண்ணாடியுடன் ஜிம்மி, பொங்கலன்று வேட்டி கட்டிய ஜிம்மி, பிறந்தநாள் கேக்கின் முன் தம்பியின் பிடியில் ஜிம்மி. எடுத்தபோது வயிறு வலிக்கச் சிரித்தோம். இப்போது ஒவ்வொன்றாகப் பார்த்தால், எல்லாவற்றிலும் காதுகள் பின்னால் ஒட்டிக்கிடக்கின்றன. கண்ணின் வெள்ளை ஓரம் தெரிகிறது. நாக்கு மூக்கை நக்கிக்கொண்டிருக்கிறது. நாய்களை அறிந்தவர்கள் இவற்றை அச்சத்தின், சங்கடத்தின் அடையாளங்கள் என்பார்கள். ‘சிரி ஜிம்மி, சிரி!’ என்று நாங்கள் கத்திய நேரத்தில் அவன் எங்களிடம் ‘விட்டுவிடுங்கள்’ என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறான். முந்நூறு படங்களில் ஒன்றுகூட எங்களுக்குத் தெரிந்த ஜிம்மியாக இல்லை.

கடைசியில் அம்மாவே ஒரு படத்தைக் கண்டெடுத்தார்கள். பின்கட்டில் குழாய் உடைந்தபோது பிளம்பருக்கு அனுப்புவதற்காக அப்பா எடுத்தது. முன்னால் உடைந்த குழாய். பின்னால், துவைக்கிற கல்லின் நிழலில், முன்னங்கால்களின் மேல் தாடையை வைத்து, ஒரு காதை மட்டும் நிமிர்த்தி, வாசல் பக்கம் பார்த்தபடி ஜிம்மி படுத்திருக்கிறான். மாலை நான்கு மணிக்கு எங்கள் பள்ளிப் பேருந்தின் சத்தத்துக்காக அவன் தினமும் அப்படித்தான் படுத்திருப்பான். “இதுதான் அவன்” என்றார்கள் அம்மா. ஆனால் அந்தப் படத்தைப் பெரிதாக்கினால் ஜிம்மி ஒரு கறுப்புத் திட்டாகக் கலைந்துவிடுகிறான். குழாய் மட்டும் வெகு தெளிவாக இருக்கிறது!

அன்று முதல் எங்களுக்கு ஒரே சிந்தனை. அந்த நான்கு மணி ஜிம்மியை ஒரே ஒரு முறை ஒழுங்காக எடுத்திருக்கக் கூடாதா?

பார்க்கிறார்கள் என்ற உணர்வில்லாமல் இயல்பாக இருப்பவரை எடுக்கும் கலைக்கு எரிக் சலோமோன் என்ற ஜெர்மானியரை முன்னோடி என்பார்கள். 1928-இல், படமெடுக்கத் தடையிருந்த நீதிமன்றத்தில், தம் தொப்பிக்குள் சிறு காமிராவை மறைத்துவைத்து வழக்கைப் படமெடுத்தவர். யூதரான அவர் 1944-இல் ஆஷ்விட்ஸ் முகாமில் உயிரிழந்தார். அவர் தொப்பியைக் காமிராவுக்குப் போட்டார். நாங்கள் நாய்க்குப் போட்டோம். வித்தியாசம் அவ்வளவுதான்.

பாட்டி வீட்டுப் பழைய இசைத்தட்டுகளின் நடுவில் ஒரு நாய் இருக்கும். குழலுக்கு முன் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருக்குமே, அதுதான். அந்த நாயின் பெயர் நிப்பர், இங்கிலாந்தில் வாழ்ந்தது. 1895-இல் அது இறந்து மூன்று ஆண்டுகளுக்குப் பிறகே, 1898-இல், அதை வளர்த்த பிரான்சிஸ் பரோ என்ற ஓவியர் அந்தப் படத்தை வரைந்தார். முதலில் அவர் வரைந்தது வேறொரு பேசும் பொறி. கிராமபோன் கம்பெனிக்காரர்கள் கேட்டுக்கொண்டதால் 1899-இல் அதை அழித்துக் கிராமபோனாக மாற்றினார். பொறி மாறியதே தவிர நாய் மாறவில்லை. இறந்துபோன செல்லப் பிராணியை நினைத்தவுடன் அவர் மனக்கண்ணில் எழுந்தது என்ன? பின்னங்கால்களில் நின்று வித்தை காட்டும் நாய் அன்று. ஏதோ சத்தம் கேட்டுக் குழம்பித் தலையைச் சாய்க்கும் நாய்! பரோ ஓவியர், நினைவிலிருந்து வரைய அவரால் முடிந்தது. வரையத் தெரியாத நம் போன்றவர்களுக்குக் கைப்பேசிதானே துணை?

ஆகவே அதைச் சரியாகப் பயன்படுத்தப் பழகுவோம். இப்போது எங்கள் வீட்டில் மணி என்ற ஐந்து மாதக் குட்டி இருக்கிறது, இதுவும் கறுப்பே. அதனிடம் நாங்கள் கற்ற முதல் பாடம், நின்றுகொண்டு எடுக்கக் கூடாது என்பது. மேலிருந்து எடுத்தால் முதுகும் பெரிய தலையும்தான் விழும். தரையில் உட்கார வேண்டும். முடிந்தால் படுக்கவே வேண்டும். எலியட் எர்விட் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் 1974-இல் நியூயார்க்கில் எடுத்த ஒரு படம் உலகப் புகழ் பெற்றது. தரையோடு தரையாகக் காமிராவை வைத்திருக்கிறார். ஒரு பெரிய நாயின் கால்கள், ஒரு பெண்ணின் பூட்ஸ் கால்கள், அவற்றுக்குப் பக்கத்தில் ஒரு சின்னஞ்சிறு நாய் முழு உருவத்துடன் நம்மை நேராகப் பார்க்கிறது. அந்தக் குட்டி நாய்க்கும் தலையில் ஒரு குல்லாய் உண்டு. எங்கள் வாதத்துக்கு அது சற்று இடிக்கத்தான் செய்கிறது. ஆயினும் நாம் அந்தப் படத்தை மறக்க முடியாதது குல்லாயினால் அன்று, அதன் கண்மட்டத்துக்கு ஒருவர் இறங்கி வந்ததனால் என்றே நினைக்கிறோம்.

அடுத்தது வெளிச்சம். எங்கள் வீட்டுக் கூடம் இருட்டு. இருட்டில் காமிரா தன் கண்ணை அதிக நேரம் திறந்து வைக்கிறது. அதற்குள் குட்டி தலையைத் திருப்பிவிட, படம் கலங்கிவிடுகிறது. துள்ளி ஓடும் நாயைத் தெளிவாகப் பிடிக்க நொடியில் 500-இல் ஒரு பங்கு நேரமே காமிரா திறந்திருக்க வேண்டும். அதற்கு நிறைய வெளிச்சம் தேவை. பிளாஷ் போட்டால் என்ன என்பீர்கள். நாயின் விழித்திரைக்குப் பின்னால் கண்ணாடி போன்ற ஒரு படலம் உண்டு. இரவில் நன்றாகப் பார்ப்பதற்காக இறைவன் அதற்குத் தந்தது. பிளாஷ் ஒளி அதில் பட்டுத் திரும்புவதால்தான் நம் செல்லப் பிராணிகள் பச்சைக் கண் பூதங்களாகப் படத்தில் வருகின்றன. நாயை வெளிச்சத்துக்கு இழுத்து வருவதும் வேண்டாம். காலை ஏழரை மணிக்குக் கிழக்கு ஜன்னலின் கீழ் வெயில் விழும். மணி தானாகவே அங்கே போய்ப் படுக்கும். நாங்கள் முன்னதாகப் போய்ச் சுவரோரம் உட்கார்ந்துவிடுகிறோம்.

கறுப்பு நாய் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. காமிராவுக்குக் கறுப்பும் தெரியாது, வெள்ளையும் தெரியாது. எல்லாவற்றையும் நடுத்தரச் சாம்பல் நிறமாக்கப் பார்க்கும். அதனால் படம் முழுதும் நிறைந்த கறுப்பு நாய் வெளிறிப்போகும். ராஜபாளையம் நாய் போன்ற வெள்ளை நாயோ அழுக்காகத் தெரியும். திரையில் நாயின் முகத்தின் மேல் விரலால் தொட்டு, கறுப்பு நாய்க்கு வெளிச்சத்தைச் சற்றுக் குறைக்க வேண்டும், வெள்ளை நாய்க்குக் கூட்ட வேண்டும். ஜன்னல் நாய்க்குப் பின்னால் இருக்கவே கூடாது. பக்கவாட்டில் இருந்தால் கறுப்பு உரோமத்தின் பளபளப்பு ஒவ்வொரு இழையாகத் தெரியும். இதை ஜிம்மி இருந்தபோது நாங்கள் அறிந்திருக்கவில்லை.

வீட்டில் எதிர்க்கட்சியும் உண்டு. “வேட்டி கட்டினால் என்ன? நாய்க்குத் தெரியவா போகிறது?” என்கிறான் தம்பி. தெரிந்துதான் காதை மடக்குகிறது! பாட்டியின் மறுப்பு வேறு. “மனசில் இருந்தால் போதாதா? படம் எதற்கு?” என்கிறார்கள். அதற்குச் சட்டென்று விடை சொல்ல எங்களால் முடியவில்லை. ஆனால் ஜிம்மியின் எந்தக் காது நிமிர்ந்திருக்கும், வலதா இடதா என்று அன்று எங்கள் மூவருக்கும் வாக்குவாதம் வந்தது. குழாய்ப் படத்தைப் பார்த்துத்தான் தீர்த்துக்கொண்டோம். இடது காது.

மறைக்கல்வி வகுப்பில் தோபித்து நூலைப் படித்தபோது ஒன்றைக் கவனித்தோம். இளம் தோபியா வானதூதர் இரபேலுடன் தொலைதூரப் பயணம் புறப்படும்போது நாயும் கூடவே போகிறது. அந்த நாய்க்குப் பெயரில்லை. அது யாரையும் காப்பாற்றவில்லை. ஒரு வித்தையும் செய்யவில்லை. போகும்போதும் வருகிறது, திரும்பும்போதும் வருகிறது. எழுதியவர் அதைச் சும்மா வரவிட்டிருக்கிறார். எங்களுக்கு அது ஒரு நல்ல புகைப்படம் போலவே தோன்றியது.

இந்த மலரில் எங்கள் வகுப்புப் படமும் இடம்பெறும். அதில் நாங்கள் யாவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, கைகளை மடியில் வைத்து, யாரோ போல நிற்போம், உட்கார்ந்திருப்போம். அது பள்ளி வழக்கம். மாற்றச் சொல்ல நாங்கள் யார்? ஆனால் வீட்டு நாய்க்கு அந்தத் தண்டனை எதற்கு?

நேற்றுக் காலை ஜன்னலடியில் நாற்பது நிமிடம் தரையில் கிடந்தோம். சீருடையெல்லாம் தூசி, அம்மாவிடம் வசவு. பதினேழு படங்கள் எடுத்தோம். பதினாறில் வால் மட்டும் இருக்கிறது. பதினேழாவதில் மணி கொட்டாவி விடுகிறது. வாய்க்குள் புதிதாக முளைத்த பல் ஒன்று தெரிகிறது. அதை வைத்திருக்கிறோம்.