ஒரே கட்சி ஆட்சியில் கூலிக்காரன் யாரிடம் முறையிடுவது?

"சீனாவைப் பார், ஒரே கட்சி, ஒரே தலைமை, நாடு எங்கேயோ போய்விட்டது, இங்கே ஆயிரம் கட்சி, ஆயிரம் கொடி, ஒன்றும் நடக்கவில்லை." இந்தப் பேச்சு நமது பிள்ளைகளிடையே இப்போது அடிக்கடி காதில் விழுகிறது. மைசூரின் தேநீர்க் கடைகளிலும், கட்டட வேலை நடக்கும் இடங்களில் சாப்பாட்டு வேளையிலும் இதே பேச்சுத்தான். கைப்பேசியில் வரும் பாலங்களையும் அதிவேக ரயிலையும் பார்த்துவிட்டுப் பேசுகிறார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. சாக்கடை அடைத்துக்கொண்டு மாதக்கணக்கில் நாறும் தெருவில் குடியிருப்பவனுக்கு அப்படித் தோன்றுவது இயல்பே. ஆனால் அந்த ஆட்சி எப்படி நடக்கிறது என்பதை, அங்கே நம்மைப் போலவே ஊர்விட்டு ஊர் பிழைக்கப் போனவனின் பக்கத்தில் நின்று ஒரு முறை பார்த்துவிட்டு, பிறகு பேசட்டும் என்பதே நமது வேண்டுகோள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுவோம். செங்கொடியைக் கண்டு முகம் சுளிக்கும் கூட்டமல்ல நாம். 1923 மே முதல் நாளன்று சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் மே தினம் கொண்டாடிய மரபு நமக்கு உண்டு. நமது உறுப்பினர்களில் செங்கொடிச் சங்கங்களுக்குச் சந்தா கட்டுகிறவர்களும் உண்டு. சீனத்தின் சாதனைகளை மறுக்கவும் நாம் தயாரில்லை. புரட்சி வென்ற 1949-ல் சராசரிச் சீனரின் ஆயுள் 35 வயதை ஒட்டி இருந்தது. இன்று அது 79-ஐத் தொட்டு நிற்கிறது. நாமோ இன்னும் 72-ல் நிற்கிறோம். நாற்பது ஆண்டுகளில் ஏறத்தாழ 80 கோடிப் பேர் கொடும் வறுமையிலிருந்து மீண்டார்கள் என்று உலக வங்கியே கணக்குக் காட்டுகிறது. இதை மறைத்து எழுதுவது நேர்மையாகாது.

சீன அரசியல் சட்டத்தின் முதல் பிரிவே அந்நாட்டைத் தொழிலாளி வர்க்கம் தலைமை தாங்கும் அரசு என்று சொல்கிறது. எழுத்தில் பார்த்தால் கூலிக்காரன்தான் ராஜா. நடப்பு என்ன? சுமார் 10 கோடி உறுப்பினர்களைக் கொண்ட கம்யூனிஸ்ட் கட்சி. அதன் மேல் 200 பேருக்குச் சற்று அதிகமான மத்தியக் கமிட்டி. அதன் மேல் பொலிட்பீரோ. உச்சியில் ஏழு பேர் கொண்ட நிலைக்குழு. பார்லிமெண்ட் போன்ற தேசிய மக்கள் காங்கிரசில் ஏறக்குறைய 3,000 பிரதிநிதிகள் மார்ச் மாதம் சில நாட்கள் கூடிக் கலைகிறார்கள். பொதுமக்கள் நேரடியாக ஓட்டுப் போடுவது உள்ளூர் மன்றங்களோடு சரி. அதற்கு மேல் ஒரு மன்றம் அடுத்த மன்றத்தைத் தேர்ந்தெடுக்கும். வேறு எட்டுக் கட்சிகளும் உண்டு என்பார்கள். உண்டுதான், ஆளும் கட்சியின் தலைமையை ஏற்றுக்கொண்ட கட்சிகள்! நாட்டின் தலைவர் இரண்டு தவணைக்கு மேல் பதவியில் இருக்கக் கூடாது என்ற வரம்பை நீக்கும் திருத்தம் 2018-ல் ஓட்டுக்கு வந்தது. ஆதரவு 2,958, எதிர்ப்பு 2, நடுநிலை 3. நம் ஊர்ப் பால் சங்கத் தேர்தலில்கூட இப்படி ஒரு கணக்கு வராது.

இனி நம் போன்றவரின் கதைக்கு வருவோம்.

1958 ஜனவரியில் சீன அரசு குடும்பப் பதிவுச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. 'ஹுகோ' என்பார்கள். பிறக்கும்போதே ஒருவன் கிராமத்தானா நகரத்தானா என்று ஏட்டில் எழுதப்பட்டுவிடும். தானியக் கூப்பன், வேலை, வீடு, பள்ளி எல்லாம் அந்த ஏட்டின்படிதான். கிராமத்துப் பதிவுள்ளவன் நகரத்துக்கு ஓடி வந்தால் கையில் காசு இருந்தும் அரிசி வாங்கக் கூப்பன் கிடையாது. ரேஷன் கார்டுக்காக நடையாய் நடந்த நமது தாய்மார்களுக்கு இதன் வலியைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1993-ல் தானியக் கூப்பன் ஒழிந்தது. பதிவு ஏடு ஒழியவில்லை. சிறு நகரங்களில் இன்று கட்டுப்பாடு தளர்ந்திருக்கிறது. பெரு நகரங்களில் கெடுபிடி நீடிக்கிறது. அந்தப் பாலங்களையும் ரயில் பாதைகளையும் கட்டிய, சொந்த ஊர் விட்டு வந்த தொழிலாளர் தொகை இன்று ஏறத்தாழ 30 கோடி. அவர்கள் பிள்ளைகளில் எத்தனையோ பேர் தாத்தா பாட்டியிடம் கிராமத்தில் விடப்பட்டவர்கள். பெற்றோரில் ஒருவராவது வெளியூர் போக, கிராமத்தில் தங்கிவிட்ட பிள்ளைகள் 2010 கணக்கெடுப்பின்படி சுமார் 6 கோடி. தருமபுரியிலிருந்தும் சேலத்திலிருந்தும் மைசூருக்கு வர நாம் யாரிடம் அனுமதிச் சீட்டு வாங்கினோம்? நாட்டின் எப்பகுதிக்கும் போகலாம், எங்கும் குடியிருக்கலாம் என்பது நமது அரசியல் சட்டத்தின் 19-ஆவது பிரிவு. அதை நாம் காற்றைப் போல எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

2003 மார்ச்சில் சுன் ஷிகாங் என்ற 27 வயது வாலிபர் குவாங்சோ நகரில் பிடிபட்டார். செய்த குற்றம், தற்காலிகக் குடியிருப்புச் சீட்டைக் கையில் வைத்திராதது. மூன்றே நாளில் காவலில் அடிபட்டு இறந்தார். அவ்வூர் நாளேடு ஒன்று துணிந்து எழுதியது; நாடே கொதித்தது; வெளியூரானைப் பிடித்து அடைத்துத் திருப்பி அனுப்பும் அந்த விதியை அரசு ஜூன் மாதமே ரத்து செய்தது. ஆக, அங்கேயும் குரல் எழுந்தால் ஆட்சி அசைகிறது. பிறகு என்ன நடந்தது? அடுத்த ஆண்டு அந்த ஏட்டின் நிர்வாகி ஊழல் குற்றச்சாட்டில் சிறைக்குப் போனார். ஒரு முறை பேசலாம்; பேசியவன் மறுபடி பேசுவான் என்பதற்கு உறுதியில்லை.

சங்கத்தின் கதை இன்னும் விசித்திரம். 1975, 1978 அரசியல் சட்டங்களில் வேலைநிறுத்த உரிமை எழுதப்பட்டிருந்தது. 1982 சட்டத்தில் அது நீக்கப்பட்டது. தொழிற்சங்கம் என்றால் கட்சியின் கீழ் இயங்கும் அகில சீன சம்மேளனம் ஒன்றுதான். 2018-ல் ஷென்ஜென் நகரில் ஜாசிக் என்ற வெல்டிங் கருவி ஆலையின் தொழிலாளர் சிலர் சங்கம் அமைக்க முயன்றார்கள். வேலை போயிற்று, கைதும் ஆனார்கள். பீக்கிங் பல்கலைக்கழகத்திலிருந்தும் வேறு கல்லூரிகளிலிருந்தும் மார்க்ஸியம் படித்த மாணவர்கள் ஆதரவுக்கு ஓடி வந்தார்கள். அவர்களையும் போலீஸ் அள்ளிக்கொண்டு போயிற்று. மார்க்ஸின் பெயரால் நடக்கும் ஆட்சி, மார்க்ஸைப் படித்துவிட்டுத் தொழிலாளியோடு நின்ற பிள்ளைகளைச் சிறைப்பிடித்தது. இதைவிட ஒரு சான்று வேண்டுமா?

தவறு செய்யாத ஆட்சி இல்லை. தவறைச் சுட்டிக்காட்டியவன் கதி என்ன என்பதே கேள்வி. 1959 ஜூலையில், ராட்சத வேகத்தில் உற்பத்தி பெருக்கும் திட்டம் கிராமங்களைச் சீரழிக்கிறது என்று ராணுவ அமைச்சர் பெங் தேஹுவாய் மாவோவுக்குக் கடிதம் எழுதினார். புரட்சிப் போரில் உடன் நின்ற தளபதி அவர். பதவி பறிபோயிற்று. பிறகு வாய் திறப்பார் யார்? அந்தப் பஞ்சத்தில் மாண்டவர்களை ஒன்றரைக் கோடி என்பாரும் உண்டு, நாலரைக் கோடி என்பாரும் உண்டு. அதே ஜூலையின் கடைசி நாளில் நமது டில்லி அரசும் ஒரு அநியாயம் செய்தது; கேரளத்தில் மக்கள் தேர்ந்தெடுத்த நம்பூதிரிபாட் மந்திரிசபையைக் கலைத்தது. ஆனால் அந்தக் கம்யூனிஸ்டுகள் மக்களிடம் போனார்கள், 1960-ல் தோற்றார்கள், 1967-ல் திரும்பி ஆட்சிக்கு வந்தார்கள். மேற்கு வங்கத்தில் 34 ஆண்டு ஆண்டவர்கள் 2011-ல் ஓட்டுப் பெட்டி சொன்னதும் இறங்கிப் போனார்கள். இந்தியக் கம்யூனிஸ்டுக்கு இது இழுக்கல்ல, பெருமை.

ஒரு கட்சி ஆட்சிக்குத் தப்பி வந்தவர்கள் நமது மாவட்டத்திலேயே இருக்கிறார்கள். ஹுன்சூரைத் தாண்டி மடிக்கேரி சாலையில் பைலகுப்பே போகிறவர்கள் தங்கக் கோயிலைப் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறோம். 1959-ல் லாசாவில் எழுச்சி நசுக்கப்பட்டபின் ஓடி வந்த திபெத்தியருக்கு 1960-ஐ ஒட்டி அன்றைய மைசூர் அரசு சுமார் 3,000 ஏக்கர் காட்டு நிலம் கொடுத்தது. காட்டை வெட்டி, சோளம் விதைத்து, குடியேற்றமாக்கினார்கள். அவர்களது தாய்நாட்டில் 'தன்னாட்சிப் பகுதி' என்று பெயர் இருக்கிறது; ஆனால் அங்கே அதிகாரம் முழுவதும் கையில் உள்ள கட்சிச் செயலாளர் பதவியில் இன்றுவரை ஒரு திபெத்தியர் உட்கார்ந்ததில்லை. லாமாக்களின் மறுபிறப்புக்கு அரசின் ஒப்புதல் வேண்டும் என்று 2007-ல் உத்தரவும் போட்டார்கள். கடவுள் இல்லை என்னும் கட்சிக்கு மறுபிறப்பில் இத்தனை அக்கறை! இங்கே அகதியாக வாழும் திபெத்தியரோ தங்கள் தலைவரை ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். 2021-ல் வென்ற பென்பா செரிங் பைலகுப்பேயில் பிறந்தவர்.

நமது வீடு சுத்தம் என்று நாம் சொல்லவில்லை. 1991 டிசம்பர் காவிரிக் கலவரத்தில் வீட்டையும் கடையையும் விட்டு ஓடியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். ஆனால் ஏடுகள் எழுதின. நிவாரணம் கேட்டு நீதிமன்றம்வரை போக முடிந்தது. 2020 மே மாதம் ஊரடங்கில், கட்டட முதலாளிகளோடு பேசிவிட்டு, வெளிமாநிலத் தொழிலாளர் ஊர் திரும்பும் ரயில்களைக் கர்நாடக அரசு ரத்து செய்தது. எதிர்க்கட்சிகளும் சங்கங்களும் ஏடுகளும் போட்ட கூச்சலில் சில நாட்களிலேயே ரயில்கள் மறுபடி ஓடின. நம் பிள்ளைகள் ஏளனம் செய்யும் 'ஆயிரம் கொடி' அன்று செய்த வேலை அது.

2023 நவம்பரில் மைசூரு மாநகராட்சி உறுப்பினர்களின் பதவிக்காலம் முடிந்தது. அதன்பின் ஓராண்டுக்கு மேலாகியும் தேர்தல் வரவில்லை. அதிகாரியின் நிர்வாகம்தான் நடந்தது. குழாயில் தண்ணீர் வராத தெருவில் கவுன்சிலர் வீட்டு வாசலில் போய்ச் சத்தம் போட்ட பெண்கள், அந்த நாட்களில் மனுவோடு அலுவலகப் படிக்கட்டில் காத்திருந்தார்கள். ஒரு கட்சி ஆட்சியின் ருசி சிறிதளவு நமக்கும் கிடைத்தது எனலாம். அடுத்த தேர்தலில் ஓட்டுப் போட நம்மில் எத்தனை பேரின் பெயர் இங்குள்ள பட்டியலில் இருக்கிறது? இன்னும் தருமபுரி வீட்டு விலாசத்திலேயே பெயரை விட்டுவைத்திருப்போர் படிவம் 8-ஐயும், 18 நிரம்பிய பிள்ளைகள் படிவம் 6-ஐயும் நிரப்ப வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் காலை முதல் நமது சங்க அலுவலகத்தில் படிவங்கள் நிரப்பித் தரப்படும். குடியிருப்புச் சான்றைக் கொண்டுவரவும்.