உடல் மெலிய ஓர் அறுவையா?

இப்பகுதிக்கு அண்மையில் வந்த கடிதங்களுள் இரண்டு ஒரே பொருளைப் பற்றியன. ஒன்றை எழுதியவர் 46 வயது அன்பர். நாள் முழுதும் நாற்காலியில் அமர்ந்து பணிபுரிபவர். சர்க்கரை நோய் வாயிலில் வந்து நிற்கிறது என்று டாக்டர் எச்சரித்துள்ளாராம். தொந்தியிலுள்ள கொழுப்பை உறிஞ்சி எடுத்துவிட்டால் அந்நோய் வாராது போகுமா என்று வினவுகிறார். மற்றொன்றை எழுதியவர் ஒரு தாயார். மகளைப் பார்க்க வந்தவர்கள், ‘பெண் சற்றுப் பருமன்’ என்று கூறிச் சென்றனராம். அடுத்த வரன் வருவதற்குள் இச்சிகிச்சையைச் செய்துவிடலாமா என்று கேட்கிறார்.

லைப்போசக்ஷன் எனப்படும் இக்கொழுப்புறிஞ்சு சிகிச்சையைப் பற்றிய விளம்பரங்கள் கைப்பேசித் திரையில் ஓயாது வந்து விழுகின்றன. காலையில் வந்து மாலையில் மெலிந்து திரும்பலாம் என்னும் பாங்கில் அவை பேசுகின்றன. சொந்த ஊரில் இருந்தால் பழகிய டாக்டரையோ, விவரம் அறிந்த உறவினரையோ கேட்டு முடிவு செய்வோம். பிழைப்பின் பொருட்டு வந்து குடியேறிய நகரில் அத்தகைய துணை எளிதிற் கிட்டுவதில்லை. விளம்பரமே வழிகாட்டியாகி விடுகிறது. ஆதலின் இம்மாதம் இதனைச் சற்று விரிவாகவே எழுத முற்பட்டோம்.

முதலில், இச்சிகிச்சை யாது என்பதைக் காண்போம். தோலில் சிறு துளைகள் இட்டு, அவற்றின் வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி, தோலுக்கடியிலுள்ள கொழுப்பை உறிஞ்சி எடுப்பதே இது. பிரெஞ்சு மருத்துவர் இல்லூஸ் என்பார் 1970களின் பிற்பகுதியில் மழுங்கிய முனையுள்ள குழாயைக் கையாண்டு இம்முறையைப் பரவச் செய்தார். அமெரிக்கத் தோல் மருத்துவர் ஜெஃப்ரி கிளைன் என்பார், உப்புநீரில் மரப்பு மருந்தையும் அட்ரினலினையும் மிகச் சிறிதளவு கலந்து கொழுப்புப் பகுதியில் நிரப்பிய பின்னரே உறிஞ்சும் முறையை 1987இல் வெளியிட்டார். அதனால் இரத்தப் போக்கு பெரிதும் குறைந்தது. இன்று உலகெங்கும் நடைபெறுவது பெரும்பாலும் இவ்வழிப்பட்டதே.

இனி 46 வயது அன்பருக்கு விடை. கொழுப்பு இரு வகையாக உடலில் தங்குகிறது. கையால் பிடித்துப் பார்க்கக் கூடியது தோலுக்கடியில் உள்ளது. மற்றொன்று வயிற்றினுள்ளே குடலையும் ஈரலையும் சூழ்ந்து நிற்பது. சர்க்கரை நோய்க்கும் இதய நோய்க்கும் நெருங்கிய உறவுடையது இந்த உட்கொழுப்பே. உறிஞ்சு குழாயோ அதனைத் தீண்டுவதில்லை. அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்து மருத்துவ ஆராய்ச்சியாளர்கள் 2004இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். உடல் பருத்த 15 பெண்களின் வயிற்றிலிருந்து 9, 10 கிலோ அளவில் கொழுப்பு எடுக்கப்பட்டது. 10 முதல் 12 வாரம் சென்றபின் சோதித்ததில், இரத்த அழுத்தமோ, கொலஸ்ட்ராலோ, இன்சுலின் செயற்படும் திறனோ சற்றும் சீர்ப்படவில்லை என்று தெரிந்தது.

இதற்கு எதிரான மற்றோர் உண்மை நம் சென்னையிலிருந்தே கிடைத்துள்ளது. டாக்டர் அ. இராமச்சந்திரனும் அவர்தம் குழுவினரும், சர்க்கரை நோயின் விளிம்பில் நின்றவர்களைக் கொண்டு மூன்றாண்டுக் காலம் ஆராய்ந்து 2006இல் முடிவை வெளியிட்டனர். நாள்தோறும் அரைமணி நேர நடையும் உணவு ஒழுங்கும் மேற்கொண்டவர்களிடையே நோய் வருவது நான்கில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. அவர்களுடைய எடை பெரிதாகக் குறையவில்லை என்பதே இதில் வியப்பு. பத்துக் கிலோ கொழுப்பை எடுத்தும் கிட்டாத நன்மை, எடை இறங்காத நிலையிலும் நடையால் கிட்டியது. அன்பர் இதனையே சிந்திக்க வேண்டும். ஆணுக்கு இடுப்பளவு 90 சென்டிமீட்டரையும் பெண்ணுக்கு 80 சென்டிமீட்டரையும் தாண்டினால் விழிப்பு வேண்டும் என்பது இந்தியருக்கென வகுத்த அளவு.

அப்படியாயின் இச்சிகிச்சையால் பயனே இல்லையோ எனின், உண்டு. உடல் எடை ஏறக்குறைய இயல்பாக நிலைத்து, தோல் இறுக்கமாக இருந்து, தொடை, இடுப்பு, தாடையடி போன்ற ஓரிடத்தில் மட்டும் எவ்வளவு முயன்றும் கரையாத கொழுப்பு நிற்குமாயின், அவ்விடத்தின் வடிவைத் திருத்த இது உதவும். கொழுப்புக் கட்டிகளை அகற்றவும், ஆடவர்க்கு மார்பு பெருத்தலைச் சீராக்கவும் இதனைக் கையாளுகின்றனர். தொய்ந்த தோலையோ, பிரசவத்தின் பின் தளர்ந்த வயிற்றுத் தசையையோ இது இறுக்காது. எடுத்த கொழுப்பணுக்கள் மீண்டும் முளைப்பதில்லை எனினும் எஞ்சியவை பருக்கும். 2011இல் கொலராடோவிலிருந்து வெளிவந்த ஆய்வில், தொடையில் எடுத்த கொழுப்பு ஓராண்டுக்குள் வயிற்றுப் பக்கம் வந்து சேர்ந்திருக்கக் கண்டனர்.

ஆபத்துகளையும் மறைக்காமல் கூறவேண்டும். நீலம்பாய்தல், வீக்கம், மரத்துப் போதல் ஆகியன பொதுவானவை, நாளடைவில் மறையும். தோல் மேடுபள்ளமாதல், நீர் கட்டுதல், சீழ் பிடித்தல் ஆகியவையும் நேர்வதுண்டு. அரிதாயினும் அஞ்சத்தக்கவை சில உள: காலில் இரத்தம் உறைந்து நுரையீரலை அடைத்தல், கொழுப்புத் துகள் இரத்தத்தில் கலத்தல், குழாய் குடலைத் துளைத்தல், மரப்பு மருந்து அளவு மீறி நஞ்சாதல் முதலியன. 2022 மே மாதத்தில் பெங்களூரில் இளம் கன்னடத் தொலைக்காட்சி நடிகை ஒருவர், கொழுப்பு நீக்கும் சிகிச்சைக்குச் சென்ற அன்றே உயிரிழந்த செய்தியைப் பலரும் படித்திருப்பர். ஒரே அமர்வில் உறிஞ்சுவது 5 லிட்டருக்கு மேற்பட்டால் அது பேரளவுச் சிகிச்சையாகும். நோயாளி இரவு முழுதும் மருத்துவமனையில் கண்காணிப்பில் இருத்தல் வேண்டும். மிகுதியாக எடுத்துத் தருவோம் என்பாரிடம் மிகுதியாக எச்சரிக்கை கொள்க.

ஆகவே, செய்பவர் யார், எவ்விடத்தில் செய்கிறார் என்பவை முதன்மையான வினாக்கள். பொது அறுவையில் எம்.எஸ். பட்டம் பெற்றபின் மேலும் மூன்றாண்டு பயின்று பிளாஸ்டிக் அறுவையில் எம்.சிஎச். பட்டம் பெற்றவரா என்று கேளுங்கள். மாநில மருத்துவக் கவுன்சிலில் அவர் பெற்ற பதிவெண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அழகு நிலையத்தின் பின்னறையில் நடைபெறுவதற்கு உடன்படவே கூடாது. மயக்க மருந்து நிபுணர் உடனிருப்பாரா, அவசர நேர்ந்தால் தீவிர சிகிச்சைப் பிரிவு அதே கட்டடத்தில் உண்டா என்றும் கேட்டறிக. இவற்றைக் கேட்பதால் சினம் கொள்ளும் டாக்டரை விட்டு நீங்குவதே நன்று.

பணத்தைப் பற்றியும் ஒரு சொல். அழகு கருதிச் செய்யும் அறுவைக்கு நம் நாட்டு மருத்துவக் காப்பீடுகள் பொதுவாகப் பணம் தருவதில்லை. மற்றச் சிகிச்சைகளுக்கு இல்லாத சரக்கு சேவை வரி இதற்கு உண்டு. டாக்டர் கட்டணம், மயக்க மருந்து, அறை, இறுக்கு உடை, மறு சோதனை ஆகிய யாவும் அடங்கிய தொகையை எழுத்தில் பெறுங்கள். தவணையில் கட்டலாம் என்பதனால் செலவு குறைந்துவிடாது.

நம்மவர்க்குச் சிறப்பாக உரியது மொழிச் சிக்கல். இசைவுப் படிவம் பெரும்பாலும் ஆங்கிலத்திலோ, அந்நகரத்து மொழியிலோ இருக்கும். சிகிச்சையின் தன்மை, பயன், ஆபத்து, மாற்று வழிகள் ஆகியவற்றை நோயாளி போதிய அளவு அறிந்து தரும் இசைவே செல்லத்தக்க இசைவு என்று உச்ச நீதிமன்றம் சமீரா கோலி வழக்கில் 2008இல் தீர்ப்பளித்துள்ளது. ஆகவே, புரியாத தாளில் அன்றே கையெழுத்திட வேண்டியதில்லை. வீட்டுக்குக் கொண்டு சென்று, மொழி அறிந்த ஒருவரைக் கொண்டு வரிக்கு வரி படித்துப் பொருள் கேட்டபின் இசையலாம்.

இப்போது அத்தாயாருக்கு. அம்மையீர், வீக்கம் முழுதும் வடிந்து உண்மையான வடிவம் தெரிய மூன்று முதல் ஆறு திங்கள் செல்லும். அடுத்த வரன் வருவதற்குள் என்னும் கணக்கு மருத்துவக் கணக்கோடு ஒத்துவராது. தங்கள் மகளுக்கு எடை திடுமெனக் கூடியிருந்தால் தைராய்டுக் குறையோ, சினைப்பை நீர்க்கட்டியோ காரணமாயிருக்கலாம். முதலில் அதனைச் சோதித்தறிந்து மருத்துவம் செய்தல் வேண்டும். குறையை அப்படியே விட்டுவிட்டுக் கொழுப்பை மட்டும் எடுத்தால் எடை மீண்டும் ஏறும். எல்லாவற்றினும் மேலாக, இது அப்பெண்ணின் விருப்பந்தானா? அவளைத் தனியே அமர்த்திக் கேளுங்கள். அவள் விரும்பாத அறுவைக்கு, எவரோ ஒரு மாலைப் பொழுதில் சொல்லிப் போன சொல் காரணமாகலாகாது. கத்திக்கு உடன்பட்டால்தான் மருமகள் என்னும் வீட்டில், திருமணத்தின் பின்னும் ஏதேனும் ஒரு குறை சொல்லாதிருப்பார்களா?

நன்கு ஆராய்ந்து தாமே விரும்பிச் செய்துகொள்ள முடிவு செய்வோர்க்குச் சில குறிப்புகள். புகைப்பழக்கத்தை நான்கு வாரம் முன்னரே விடுக. ஆஸ்பிரின், கருத்தடை மாத்திரை, நாட்டு மருந்து உட்பட உண்ணும் யாவற்றையும் டாக்டரிடம் கூறுக. முதல் இரு நாள் உடன் இருக்க ஒருவர் வேண்டும். தனியே வாழ்வோர் இதனை முன்பே ஏற்பாடு செய்க. இறுக்கு உடையைச் சில வாரம் அணிக. அன்றே எழுந்து மெல்ல நடக்கத் தொடங்குக. விடுமுறையில் ஊருக்குப் போய்ச் செய்துகொண்டு உடனே திரும்பலாம் என்று திட்டமிடுவோர் உளர். தில்லிக்கும் சென்னைக்கும் இடையே ஒன்றரை நாள் அளவும் இரயிலில் அமர்ந்து வருவது காலில் இரத்தம் உறைய இடம் தரும். டாக்டர் விடை கொடுத்த பின்னரே பயணம். மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, ஒரு கால் மட்டும் வீங்குதல், காய்ச்சல், மிகுந்து கொண்டே போகும் வயிற்று வலி ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் மறுநாள் வரை பொறாது மருத்துவமனைக்குச் செல்க.

அவசரமாகச் செய்தே தீரவேண்டிய சிகிச்சை அன்று இது. இம்மாதம் முன்பணம் கட்டினால் சலுகை என்று எவரேனும் விரைவுபடுத்தினால், அடுத்த மாதம் வருகிறோம் என்று கூறி எழுந்து வாருங்கள்.