கரி பற்ற எண்ணெய் வேண்டாம்

திறந்தவெளி அடுப்பில் கரி பிடிக்க வேண்டுமானால் அதன் மேல் ஏதாவது எரிஎண்ணெய் ஊற்றியே ஆகவேண்டும் என்ற நம்பிக்கை திருப்பூர் வட்டாரத்தில் ஆழமாக ஊன்றியிருக்கிறது. சனிக்கிழமை வாரச் சம்பளம் வாங்கி, ஞாயிறு மாலை மொட்டை மாடியில் கோழி சுடும் பனியன் கம்பெனி இளைஞர்களிடமும் அது உண்டு. சாலையோர கிரில் கடைகள் பலவற்றிலும் உண்டு. முன்பு ஊற்றியது மண்ணெண்ணெய். ரேஷனில் அது அருகிப்போன பின் பைக் டேங்கிலிருந்து பிடித்த பெட்ரோல், பெயின்டுக்கு வாங்கிய தின்னர், சானிடைசர் என்று கைக்குக் கிடைத்ததெல்லாம் அந்த இடத்துக்கு வந்துவிட்டன. அவற்றில் நனைத்துச் செருக, காசில்லாமல் கிடைக்கும் கட்டிங் வேஸ்ட் துணி. இந்த வழக்கம் கரியைச் சரியாகப் பற்றவைப்பதும் இல்லை, நேரத்தை மிச்சப்படுத்துவதும் இல்லை. உணவைக் கெடுக்கிறது, அடுப்பருகே நிற்பவரின் உயிரோடு விளையாடுகிறது.

இங்கே அடுப்புக்கு வரும் கரி பெரும்பாலும் இரண்டு வகை. ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் மாவட்டங்களில் சீமைக் கருவேல மரத்தை மூட்டம் போட்டுச் சுட்டெடுக்கும் விறகுக்கரி ஒன்று. காங்கேயம், வெள்ளகோவில், பல்லடம் பக்கம் தேங்காய்த் தொட்டியைச் சுட்டு எடுக்கும் தொட்டிக்கரி மற்றொன்று. கொப்பரைக் களங்களும் எண்ணெய் ஆலைகளும் நிறைந்த காங்கேயத்தில் கொட்டாங்குச்சிக்குப் பஞ்சமில்லை. சுடும்போது தொட்டியில் உள்ள நீரும் எளிதில் ஆவியாகும் பொருள்களும் வெளியேறிவிடுகின்றன. எஞ்சுவதில் முக்கால் பங்குக்கு மேல் கார்பன். விறகு எரியும்போது எழும் பெரிய சுடர், அதிலிருந்து வெளியேறும் வாயு எரிவதால் வருவது. கரியில் அந்த வாயு சொற்பம். ஆகவே கரி சுடர்விட்டு எரிவதில்லை. காற்றில் உள்ள ஆக்சிஜன் தொடும் மேற்பரப்பில் கனன்று எரிகிறது. தொட்டிக்கரி விறகுக்கரியைவிடக் கெட்டியானது, துளைகள் நுண்ணியவை, பற்றக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். இது உண்மை. இந்த ஒரு உண்மையிலிருந்துதான் எண்ணெய் இல்லாமல் முடியாது என்ற பொய் முடிவுக்குப் பலரும் தாவுகிறார்கள்.

கணக்குப் போட்டால் அந்த முடிவு நிற்காது. ஒரு கிலோ கரியை, அது தானே கனலத் தொடங்கும் 400 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்ற ஏறக்குறைய 100 கிலோ கலோரி வெப்பம் போதும். 100 மில்லி மண்ணெண்ணெய் எரிந்தால் 800 கிலோ கலோரிக்கு மேல் கிடைக்கிறது. தேவையைப் போல எட்டு மடங்கு. அப்படியிருந்தும் எண்ணெய் ஊற்றிய கரி சடசடவென்று எரிந்து, சுடர் அடங்கியதும் கறுப்பாகவே கிடப்பதை அடுப்பு மூட்டிய எவரும் பார்த்திருப்பார்கள். எண்ணெய் ஆவியாகி, கரிக்கு மேலே உள்ள காற்றில் கலந்துதான் எரிகிறது. அந்தச் சூடு மேலே போய்விடுகிறது. அடியில் இருக்கும் கரிக்கு அதில் பங்கு மிகக் குறைவு. உடனே இன்னும் கொஞ்சம் ஊற்றுகிறார்கள். வெப்பத்தின் அளவு இங்கே பிரச்சினையே இல்லை. அது எங்கே பிறக்கிறது என்பதுதான் பிரச்சினை. நன்கு காய்ந்த ஒரு கொட்டாங்குச்சி, 100 கிராம் எடை என்று வைத்துக்கொண்டால், 400 கிலோ கலோரிக்கு மேல் தரும். மண்ணெண்ணெய் தருவதில் பாதிதான். ஆனால் அதைக் கரிக்கு அடியில் வைத்து எரித்தால் மேலெழும் சூடு முழுவதும் கரியின் இடுக்குகள் வழியாகத்தான் போயாக வேண்டும்.

கரி பிடிக்காமல் போவதற்கு உண்மையான காரணங்கள் வேறு. முதற்காரணம் ஈரம். கரி காற்றிலிருந்தே ஈரத்தை இழுக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் சாக்கு மூட்டையில் சுவரோரம் சாய்த்துவைத்த கரி சொல்லவே வேண்டாம். உள்ளிருக்கும் நீர் முழுவதும் ஆவியாகும் வரை கரியின் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. ஒரு கிராம் நீரை ஆவியாக்க 540 கலோரி செலவாகிறது. ஈரக்கரியை ஒருநாள் வெயிலில் காயப்போட்டாலே பாதி வேலை முடிந்துவிடும். அடுத்தது தூள். மூட்டையை அப்படியே கவிழ்த்தால் அடியில் தங்கிய கரித்தூள் இடுக்குகளை அடைத்துக் காற்றை மறித்துவிடுகிறது. முறத்திலோ கம்பி வலையிலோ சலித்து, பெருந்துண்டுகளை மட்டும் எடுக்க வேண்டும். மற்றொன்று, அடியில் காற்றுவழி இல்லாத தட்டையான தகரத்தில் கரியைப் பரப்பிவைப்பது. பரப்பிய கரியில் ஒரு துண்டு பற்றினாலும் அதன் சூடு பக்கத்துத் துண்டுக்குப் போவதற்குள் வானத்துக்குப் போய்விடும். குவித்துவைத்த கரியில் ஒன்றின் சூட்டில் மற்றொன்று பற்றும். இவற்றில் எதையும் எண்ணெய் சரிசெய்வதில்லை.

எண்ணெய் எரிந்து தீர்ந்தால் வாடையும் போய்விடும் என்று சொல்வோர் உண்டு. முழுத் துண்டும் சாம்பல் பூத்து உள்ளே சிவந்துவிட்டால் அந்தத் துண்டில் எண்ணெய் மிஞ்சாது, அது சரிதான். ஆனால் ஓர் அடுப்பில் எல்லாத் துண்டும் ஒரே நேரத்தில் அந்த நிலைக்கு வருவதில்லை. ஓரத்திலும் அடியிலும் பாதி பற்றிய துண்டுகள் கிடக்கும். மண்ணெண்ணெய் 150 டிகிரியில் தொடங்கி 300 டிகிரிக்குச் சற்றுக் கீழே வரை மெல்ல மெல்ல ஆவியாகும் பொருள். துளைகளுக்குள் புகுந்த எண்ணெய், கோழி கம்பி வலை மேல் ஏறிய பிறகும் ஆவியாகிக்கொண்டே இருக்கும். கொங்குப் பகுதிக்கு இது புதுச் செய்தியாக இருக்கக் கூடாது. தண்ணீரிலும் காற்றிலும் கலந்த அசுத்தங்களைப் பிடித்துவைக்கும் ஆக்டிவேட்டட் கார்பன் இதே தொட்டிக்கரியிலிருந்துதான் தயாராகிறது. நீராவியில் பக்குவப்படுத்தி அதன் துளைகளைப் பெருக்கிய பிறகே அந்த ஆற்றல் முழுமை பெறுகிறது என்றாலும், பக்குவப்படாத கரிக்கும் அந்தக் குணம் ஓரளவு உண்டு. கண்டதை உறிஞ்சி வைத்துக்கொள்வதற்காகவே உலகம் விலை கொடுத்து வாங்கும் பொருளின் மேல் எண்ணெயை ஊற்றிவிட்டு, வாடை தங்காது என்று நம்புவது எப்படிப் பொருந்தும்?

பல்லடம் நாட்டின் பிராய்லர் கோழி வணிகத்துக்கே விலை சொல்லும் ஊர்களில் ஒன்று; பண்ணைக் கோழிக்கு அங்கே நிர்ணயமாகும் விலையை வெளியூர்களும் கவனிக்கின்றன. அந்த மண்ணில் வளர்ந்த கோழியை மண்ணெண்ணெய் வாடையோடு தின்பது தேவையற்ற துன்பம்.

வாடையைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், தீக்காயத்தை முடியாது. மண்ணெண்ணெயின் ஆவி தீப்பற்றக்கூடிய நிலைக்கு வர 35 முதல் 40 டிகிரிச் சூடு போதும். சித்திரை, வைகாசி வெயிலில் திருப்பூர் மாடித் தளமே அந்தச் சூட்டைத் தாண்டி நிற்கும். பெட்ரோலுக்கு அதுகூட வேண்டியதில்லை. பூஜ்யத்துக்கு 40 டிகிரி கீழேயும் அதன் ஆவி பற்றும். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது. தளத்தோடு தளமாகப் பரவி, அடுப்பிலிருந்து தள்ளி நிற்பவரின் காலடிக்குப் போய்விடும். எல்லாவற்றிலும் கொடியது, அணைந்ததுபோல் தோன்றும் கரியின் மேல் இரண்டாம் முறை ஊற்றுவது. உள்ளே ஒரு கங்கு கனன்றுகொண்டிருந்தால் எண்ணெய் வெண்புகையாக ஆவியாகி, ஒரே வீச்சில் பற்றி, கையிலிருக்கும் பாட்டில் வரை தாவும். சானிடைசர் பாதுகாப்பானது என்ற நினைப்பும் தவறு. அதில் பெரும்பகுதி ஆல்கஹால். பகல் வெளிச்சத்தில் அதன் சுடர் கண்ணுக்கே தெரிவதில்லை. அணைந்துவிட்டது என்றெண்ணி மீண்டும் ஊற்றும் கை வெந்துபோகிறது. கம்பெனிகளில் துணியின் கறை எடுக்க வைத்திருக்கும் திரவத்தை அடுப்புப் பக்கமே கொண்டுபோகக் கூடாது. சில கறைநீக்கிகளில் குளோரின் கலந்த கரைப்பான்கள் உண்டு. அவை தணலில் பட்டால் பாஸ்ஜீன் என்ற நச்சு வாயு உருவாகும். முதல் உலகப் போரில் ஆயுதமாகப் பயன்பட்ட வாயு அது.

அடுத்தது பனியன் வேஸ்ட். பஞ்சு நூல் மட்டுமே ஓடிய காலத்தில் கட்டிங் வேஸ்டைத் திரியாக்குவதில் பெரிய கேடு இருந்திருக்காது. இன்று கட்டிங் டேபிளிலிருந்து விழுவதில் பாலியஸ்டரும் லைக்ராவும் கலந்த துணி ஏராளம். பாலியஸ்டர் 250 டிகிரியை ஒட்டி உருகி, எரியும் துளிகளாகச் சொட்டும். லைக்ரா என்பது பாலியுரித்தேன் வகை நார். அது எரியும் புகையில் ஹைட்ரஜன் சயனைடு இருக்கும். சாயமும் பிரிண்டிங் பசையும் எரிந்து வருவது தனி. இந்தப் புகையில்தான் இறைச்சி வேகிறது. வேஸ்டுக்கு இங்கே மதிப்பில்லை என்பதும் இல்லை. பஞ்சு வேஸ்டை ஓப்பன் எண்ட் மில்கள் வாங்கி மீண்டும் நூலாக்குகின்றன. ஒர்க்‌ஷாப்களில் எண்ணெய் துடைக்க அதற்கு எப்போதும் தேவை உண்டு. அடுப்பில் போடத்தான் அது பிறந்தது என்ற எண்ணம் வேஸ்டுக்கும் நியாயமல்ல, உண்பவருக்கும் நியாயமல்ல. உடுத்தியிருக்கும் உடையும் கவனிக்கத்தக்கது. பாலியஸ்டர் ஜெர்சி தீப்பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். அடுப்பு மூட்டுபவருக்குப் பருத்தியே ஏற்றது.

எண்ணெய் இல்லாமல் கரி பற்றவைப்பது தமிழ்நாட்டுச் சமையலறைகளில் பழகிய வேலைதான். எரிவாயு வருவதற்கு முன் பல வீடுகளில் இருந்த குமுட்டி அடுப்பின் அமைப்பைப் பார்த்தாலே போதும். மேலே கரி, நடுவில் கம்பித் தட்டு, கீழே காற்று நுழைய ஒரு வாய். தட்டுக்கு அடியில் தேங்காய் நாரையோ சிராயையோ கொளுத்தி, வாய்ப்பக்கம் பனையோலை விசிறியால் வீசினால் சூடான காற்று கரி வழியாக மேலேறும். அது மேலேற ஏறக் கீழிருந்து புதுக்காற்று தானாக உள்ளே இழுபடும். கரிப்பெட்டியில் இஸ்திரி போடுபவர் காற்றுத்துளைகளைக் காற்று வரும் திசைக்குத் திருப்பி வைப்பதும் இதே அறிவுதான். வெள்ளைச் சட்டையில் வாடை ஏறக் கூடாது என்ற கவனம் அந்தத் தொழிலில் உண்டு. வாயில் போடும் உணவுக்கு அந்தக் கவனம் குறைந்திருப்பதுதான் வருத்தம்.

வெளிநாடுகளில் சிம்னி ஸ்டார்ட்டர் என்ற பெயரில் விற்கும் உருளையும் இதே வேலையைச் செய்கிறது. காங்கேயத்து 15 கிலோ எண்ணெய் டின் ஒன்று இருந்தால் அதை வீட்டிலேயே செய்துகொள்ளலாம். மேலும் கீழும் வெட்டி எடுத்து, அடியிலிருந்து நான்கு விரற்கடை உயரத்தில் கம்பிகளைக் குறுக்கே கோத்து, கம்பிக்குக் கீழே நாற்புறமும் ஆணியால் துளையிட வேண்டும். முதல் முறை வெறுமனே தீமூட்டி, டின்னில் ஒட்டியிருக்கும் எண்ணெயும் அச்சுமையும் எரியவிட வேண்டும். துத்தநாகம் பூசிய தகரத்தையோ வாளியையோ இதற்குத் தொடக் கூடாது. சூட்டில் அதன் புகை நஞ்சு. கம்பிக்குக் கீழே பன்னாடை, காய்ந்த பாளை, உடைத்த கொட்டாங்குச்சி. மேலே சலித்த கரி. தென்னந்தோப்பு சூழ்ந்த இந்த மாவட்டத்தில் பன்னாடையைவிட நல்ல திரி எந்தக் கடையிலும் கிடைக்காது. கொளுத்திவிட்டால் விறகுக்கரி கால் மணி நேரத்திலும் தொட்டிக்கரி 20, 25 நிமிடத்திலும் மேல்வரை சாம்பல் பூக்கும். நடுவில் எதையும் கிளறத் தேவையில்லை. எண்ணெய் ஊற்றி, அணைந்து, மறுபடி ஊற்றி, விசிறி முடிக்கவும் இதே நேரம் அல்லது இதைவிடக் கூடுதலாகத்தான் ஆகிறது.

டின்கூடக் கிடைக்காதவர்கள் நாலைந்து கரித்துண்டைக் கம்பி வலையில் வைத்துக் கேஸ் அடுப்பின் சுடரில் காட்டிச் சிவக்கவைத்து, குவித்த கரியின் அடியில் செருகிவிடலாம். ஜப்பானில் மிகக் கெட்டியான பின்சோதான் கரியைக்கூட இப்படித்தான், அடியில் துளையிட்ட தனிச் சட்டியில் வைத்துக் கேஸ் சுடரில் பற்றவைக்கிறார்கள். ஈரக்கரி படபடவென்று பொறி தெறிக்கும் என்பதால் காய்ந்த கரியே இதற்கு ஆகும். கற்பூரமும் உதவும், ஆனால் அதன் கரும்புகை முழுதும் அடங்கிய பிறகே வலையில் இறைச்சி ஏற வேண்டும். சாம்பிராணிக்கென்று விற்கும், தீக்குச்சி பட்டதும் பொறிந்துகொண்டு பற்றும் கரிவில்லைகளில் வெடியுப்பு போன்ற பொருள் சேர்த்திருப்பார்கள். அவை சமையலுக்கானவை அல்ல.

அமெரிக்காவில் கரியோடு சேர்த்தே எரிதிரவம் விற்கும் வழக்கம் நெடுநாளாக உண்டு. லாஸ் ஏஞ்சல்ஸ் வட்டாரத்தின் காற்றுத்தர மேலாண்மை அமைப்பு 1990-இல் அதற்கென்றே தனி விதி கொண்டுவந்தது. ஒருமுறை கரி மூட்டும்போது வெளியாகும் கரிம ஆவிக்கு 0.02 பவுண்டு, அதாவது சுமார் 9 கிராம் என்று வரம்பு வைத்தது. எண்ணெய் இல்லாமல் முடியாது என்பது உண்மையானால் அப்படி ஒரு வரம்பு நிலைத்திருக்காது. எண்ணெய் வியாபாரம் வேரூன்றிய ஊரே அதைக் குறைக்க வழி தேடியபோது, கேட்காமலே பன்னாடை கிடைக்கும் ஊர் பெட்ரோலைத் தேடுவதற்கு ஒரு காரணமும் இல்லை.

காற்று வேகம் வேண்டுமென்று டேபிள் ஃபேனையோ ப்ளோயரையோ வைப்பதும் பரவிவருகிறது. காம்பவுண்டு வீட்டு மாடிக்குப் பக்கத்திலேயே வேஸ்ட் துணிக் குடோன் இருக்கும் தெருக்கள் திருப்பூரில் பல. ஒரு பொறி போதும். துணிக்குவியலில் விழுந்த தீ வெளியே தெரியாமல் மணிக்கணக்கில் உள்ளேயே கனன்று பிறகு எழும். சிறு விசிறியே போதுமானது. டின் வைத்தால் அதுவும் வேண்டாம்.

நன்றாகப் பற்றிய கரியில் புகை இல்லை. அதனாலேயே அது ஆபத்தில்லாதது என்று தோன்றுவது இன்னொரு கண்மூடித்தனம். கனலும் கரி கார்பன் மோனாக்சைடை வெளியிடுகிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. 2024 ஆகஸ்டில் கொடைக்கானலில் கோழி சுட்ட அடுப்பை அறைக்குள் வைத்துக்கொண்டு உறங்கிய சுற்றுலாப் பயணிகள் இருவர் மூச்சடைத்து இறந்தனர். மழை வந்தாலும் குளிர் வந்தாலும் அடுப்பு வெளியிலேதான் இருக்க வேண்டும். தகரக்கூரை போட்டு நாற்புறமும் தார்பாய் கட்டிய மாடியும் அறைதான்.

வேலை முடிந்ததும் எஞ்சிய தணலை மூடியுள்ள இரும்பு டின்னில் போட்டு இறுக மூடினால் காற்றில்லாமல் அணைந்துவிடும். மறுநாள் வரை அதைத் திறக்கக் கூடாது. இப்படி அணைந்த கரியில் ஈரமும் இல்லை, ஆவிப்பொருளும் ஏறக்குறைய இல்லை. அடுத்த முறை பன்னாடைக்கு நேர் மேலே இதை வைத்து அதன்மேல் புதுக்கரியைக் குவித்தால் முதலில் சிவப்பது இதுவே.