குடியும் மோட்டார் வண்டியும்

ஒரு முறை தவறுதல் மனித இயல்பு என்பர். அத்தவற்றிற்குத் தண்டனையும் பெற்ற பின்னர், அதனையே மீண்டும் செய்பவனை யாது செய்வது? இவ்வினா நீதிபதிகளுக்கு மட்டும் உரியதன்று. வீதியில் நடக்கும் நம் ஒவ்வொருவருக்கும் உரியது. குடித்து வண்டியோட்டிப் பிடிபட்டு, அபராதம் செலுத்தி, பின்னரும் அவ்வாறே ஓட்டுவோரைக் குறித்து ஈண்டுச் சில கூற விரும்புகிறோம்.

1980ஆம் ஆண்டு மே மாதத்தில், அமெரிக்காவின் கலிபோர்னியா இராஜ்யத்தில், வீதியோரமாய் நடந்து சென்ற 13 வயதுச் சிறுமி ஒருத்தி மோட்டார் மோதி மாண்டாள். ஓட்டியவன் குடித்திருந்தான். குடித்து ஓட்டியதற்காக முன்னரே தண்டிக்கப்பட்டவன். அதுவுமன்றி, வேறொரு மோதல் வழக்கில் சில தினங்களுக்கு முன்னர்தான் ஜாமீனில் வெளிவந்தவன். சிறுமியின் தாயாராகிய காண்டி லைட்னர் அம்மையார் அழுது ஓய்ந்துவிடவில்லை. குடித்து வண்டியோட்டுதலை எதிர்க்கும் அன்னையர் சங்கம் ஒன்றை அவ்வாண்டிலேயே நிறுவினார். அந்நாட்டுச் சட்டங்கள் கடுமையாவதற்கு அச்சங்கம் பெருங்காரணமாயிற்று. அச்சிறுமியின் உயிரைக் கொண்டது குடி மட்டுமன்று. முன்னரே அறியப்பட்ட அபாயத்தைத் தடுக்காது விட்ட அசட்டையும் ஆகும் என்பதே நம் கருத்து.

இனி நம் தேசத்துச் சட்டத்தை நோக்குவோம். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆம் பிரிவின்படி, 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் மது இருக்க வண்டியோட்டுதல் குற்றமாகும். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, முதற் குற்றத்திற்கு 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்; மறுமுறை செய்தால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 15,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். அபராதத்தில் உள்ள பேதம் 5,000 ரூபாயே. செல்வனுக்கு அது ஒரு விருந்தின் செலவு; ஏழைக்கோ மனைவி மக்களின் உணவு. குடிநோய்க்குச் சிகிச்சை பெறுதல் வேண்டும் என்றோ, நாள்தோறும் சோதனைக்கு உட்படுதல் வேண்டும் என்றோ அப்பிரிவு கூறவில்லை.

தண்டனையைப் பன்மடங்கு உயர்த்திவிட்டால் போதும் என்பார் பலர். நாம் அவ்வாறு எண்ணவில்லை. குடிக்கு அடிமையானவன் என்றோ வரக்கூடிய சிறையை எண்ணிக் கோப்பையைக் கீழே வைப்பதில்லை. பலநாள் பிடிபடாது வீடு சேர்ந்தமையால், இன்றும் பிடிபடேன் என்றே துணிகிறான். தூரத்திலுள்ள பெருந்தண்டனையினும், தவறாது உடனே வரும் சிறுதண்டனையே அவனைத் தடுக்க வல்லது.

இதற்குச் சான்று அமெரிக்காவின் தெற்கு டகோட்டா இராஜ்யத்தில் 2005ஆம் ஆண்டில் தொடங்கிய ஏற்பாடாகும். மீண்டும் பிடிபட்டோர் மதுவைத் தொடலாகாது என அங்கே நியாயஸ்தலம் விதிக்கும். அவர்கள் காலையும் மாலையும் நேரிற் சென்று மூச்சைச் சோதனைக்குக் கொடுத்தல் வேண்டும், செலவும் அவர்களுடையதே. மது தென்பட்டால் அப்பொழுதே ஓரிரு நாள் காவல். 2013ஆம் ஆண்டில் வெளியான ராண்ட் நிறுவனத்தாரின் ஆராய்ச்சி, இவ்வேற்பாடு நடந்த பகுதிகளில் மறுமுறை குடித்து ஓட்டிக் கைதாவோர் தொகை நூற்றுக்கு 12 வீதம் குறைந்தது எனக் கண்டது. வீட்டாரை அடித்துக் கைதாவோர் தொகையும் நூற்றுக்கு 9 வீதம் குறைந்ததாம். குடி நீங்கின் வீதியோடு வீடும் பிழைக்கும் அன்றோ!

வண்டியிலேயே பொருத்தும் சுவாசப் பூட்டும் ஒன்றுண்டு. ஓட்டுபவன் அதில் ஊதுதல் வேண்டும். மூச்சில் மது இருப்பின் இயந்திரம் இயங்காது. பூட்டு உள்ளவரை பயன் மிகுதி. கழற்றிய பின்னரோ பலர் பழைய வழிக்கே திரும்புகின்றனர். ஆதலின் பூட்டு வண்டிக்கு, சிகிச்சை மனிதனுக்கு என இரண்டும் வேண்டற்பாலன.

தினமும் இருமுறை ஊதச் செய்தல் மானக்கேடு என்று சிலர் கூறலாம். வண்டியோட்டிப் பிழைப்பவனின் உரிமத்தைப் பறித்தால் அவன் குடும்பம் யாது செய்யும் என வேறு சிலர் வினவலாம். இரண்டாவது வினா நியாயமானதே. அதனாலேதான் நாள்தோறும் சோதிக்கும் முறையை நாம் விரும்புகிறோம். சிறையிலிடப்பட்டவன் உழைக்க முடியாது. சோதனைக்கு உட்பட்டவனோ காலையில் ஊதிவிட்டுத் தன் தொழிலுக்குச் செல்லலாம். மானத்தைப் பற்றியோ எனின், பிறர் உயிரை இருமுறை பணயம் வைத்தவன் இச்சிறு தலைகுனிவைப் பொறுத்தல் தகும். எனினும், இவ்வளவிற்கும் அடங்காதவனிடம் வண்டி இருத்தல் கூடாது. அவன் உரிமத்தை நீக்குதலே முறை.

நம் மாணவ நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. குடித்த தோழனிடமிருந்து வண்டிச் சாவியை வாங்கி வைத்துக்கொள்ள நாம் கூசுகிறோம். அவன் பின்னே ஏறி அமரவும் துணிகிறோம். அவன் அன்றிரவு கோபித்துக்கொள்வானாயின் கோபிக்கட்டும். மறுநாட் காலையில் கோபித்துக்கொள்ள அவன் உயிரோடிருப்பான். சட்டம் இரண்டாம் குற்றத்தைத் தண்டிக்கும். முதற் குற்றமே நிகழாதவாறு தடுக்க அவன் அருகில் நிற்பவர் நாமே.