கலங்கின தண்ணியை அதட்டினா தெளியுமா?

இந்தத் தடவை வெள்ளாமை பத்தி எழுதலை. அழுகிற குழந்தையைப் பத்தி எழுதறேன். ஆனா விஷயம் மண்ணில் இருந்துதான் ஆரம்பிக்குது.

ஆடி நோம்பிக்கு மகளும் பேத்தியும் சென்னையிலிருந்து வந்திருந்தார்கள். பேத்திக்கு நாலு வயசு. வந்த நாள் முதல் ஒரு வெள்ளாட்டுக் குட்டியோடுதான் திரிந்தாள். நாலாம் நாள் விடியக்காலம் வியாபாரி வந்து, தாயோடு குட்டியையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். முன்பணம் வாங்கியிருந்தேன். பேத்தியிடம் ஒரு வார்த்தை சொல்லணும்னு எனக்குத் தோணவே இல்லை.

அவள் எழுந்து வந்து பட்டியைப் பார்த்தாள். அப்புறம் அழுதாள் பாருங்க, அப்படி ஒரு அழுகை. தரையில் புரண்டு, கைகாலை உதைத்து, மூச்சே நின்றுவிடும் போல.

மகள் போனை எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள். எங்க தோட்டத்தில் டவர் சரியாகக் கிடைக்காது. திரையில் வட்டம் சுத்திக்கிட்டே இருந்தது. அழுகை இன்னும் ஏறியது. எனக்கும் கோபம் ஏறியது. "அட, வாயை மூடு"ன்னு அதட்ட வாயெடுத்தேன். அப்போதுதான் கையில் இருந்த பாட்டிலைக் கவனித்தேன்.

அன்றைக்குத் திண்ணையில் உட்கார்ந்து மண் பார்த்துக்கொண்டிருந்தேன். உங்களில் பலருக்கு இது தெரியாதுங்க. பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண் போட்டு, மீதிக்குத் தண்ணி ஊற்றி, நல்லாக் குலுக்கி வைக்கணும். மணல் ஒரு நிமிஷம் போல அடியில் உட்காரும். அதுக்கு மேல் வண்டல் உட்கார ஒன்றிரண்டு மணி நேரம் ஆகும். களி தெளிய ஒரு நாளும் ஆகும், அதுக்கு மேலும் ஆகும். எந்தப் படலம் எவ்வளவு கனம்னு அளந்தால் நம்ம நிலத்தில் எது எவ்வளவு இருக்குன்னு தெரிஞ்சுடும். காசில்லாத சோதனை.

அந்தப் பாட்டிலை மூடி இறுக்கி அவள் கையில் கொடுத்தேன். "குலுக்கு அம்மிணி. உனக்கு எவ்வளவு கோவமோ அவ்வளவு குலுக்கு" என்றேன். ரெண்டு கையாலும் பிடிச்சுக் குலுக்கினாள். கை வலிக்கிற வரைக்கும் குலுக்கினாள். பிறகு வாங்கித் திண்ணையில் வைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒன்றும் பேசவில்லை. மணல் இறங்க ஆரம்பித்தது. விசும்பிக்கொண்டே பார்த்தாள்.

"எப்ப அப்புச்சி தெளியும்?"

"நாம தொடாம இருந்தா தெளியும் சாமி."

கொஞ்ச நேரம் கழித்து, "குட்டிகிட்ட டாட்டா சொல்லவே இல்ல" என்றாள். அப்போதுதான் எனக்கு விளங்கியது, அழுகை ஆட்டுக்காக மட்டும் இல்லை. "அப்புச்சி பண்ணுனது தப்புதான். உன்னை எழுப்பியிருக்கணும்" என்றேன். தலையை மட்டும் ஆட்டினாள்.

மகள் சொன்னாள்: "ஏனுங்ப்பா, இது எங்க ஸ்கூல்லயே செஞ்சு வெச்சிருக்காங்க. தண்ணியில பசையும் ஜிகினாத் தூளும் போட்டு." அதுவும் நல்லதுதாங்க. பசை கலந்தால் தண்ணி கெட்டியாகி ஜிகினா மெதுவா இறங்கும். என்னுடைய மண் பாட்டிலும் அதுவும் ஒரே வேலையைத்தான் செய்யுது.

இப்போ என் கருத்து.

நம்ம பாஷையிலேயே விஷயம் இருக்குதுங்க. தண்ணியும் கலங்கும், மனசும் கலங்கும். ரெண்டும் தெளியும். அந்தக் காலத்தில் ஆத்துத் தண்ணி கலங்கலாக வந்தால் பானையின் உள்பக்கம் தேத்தாங்கொட்டையை உரசி விடுவார்கள். அழுக்கு திரண்டு அடியில் படியும். அந்த மரத்துக்குப் பேரே தேற்றா மரம். அழுகிறவங்களுக்கு ஆறுதல் சொல்வதையும் நாம தேற்றுவது என்றுதான் சொல்கிறோம். இந்த உவமை கலித்தொகையிலேயே உண்டு. காதலன் வந்ததும், கலங்கியிருந்த பெண் கொட்டை தேய்த்த தண்ணி போலத் தெளிந்தாள் என்று வரும்.

பாட்டில் குழந்தையைத் தேற்றாது. பக்கத்தில் உட்காருகிற ஆள்தான் தேத்தாங்கொட்டை. "போய் உன் பாட்டிலைப் பாரு" என்று ரூமுக்கு அனுப்பினால் அது தண்டனை. அந்தப் பாட்டிலைக் குழந்தை அப்புறம் தொடவே தொடாது.

போன் கொடுக்கிற அம்மா அப்பாவை நான் குறை சொல்ல மாட்டேன். அடுக்குமாடி வீட்டில் பக்கத்துக் கதவு தட்டுவாங்க, ஆபீஸ் கால் ஓடிக்கொண்டிருக்கும். எங்க ஊர் களத்துமேட்டிலும் இன்றைக்குப் பிள்ளை அழுதால் போன்தான். ஆனா போன் கலங்கின பாட்டில் மேல துணி போட்டு மூடுகிற மாதிரிங்க. கலங்கல் நம்ம கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். ஏன் அழுதுச்சுன்னு நமக்கும் தெரியாமலே போயிடும்.

செஞ்சு பார்க்கிறவங்களுக்குச் சில விஷயம். கண்ணாடி பாட்டில் வேண்டாம். பிளாஸ்டிக் பாட்டிலில் மணல் கலந்த மண் ரெண்டு கரண்டி போதும். வெறும் கடற்கரை மணல் போட்டால் உடனே தெளிஞ்சுடும், பார்க்க ஒண்ணும் இருக்காது. வெறும் களிமண் போட்டால் சாயங்காலம் வரை தெளியாது. பூந்தொட்டி மண்ணில் தென்னைநார்த் தூள் மிதக்கும். மூடியைப் பசை போட்டு ஒட்டுங்க. வாடை வந்தால் கொட்டிட்டுப் புதுசாச் செய்யுங்க. முக்கியமா, குழந்தை நல்ல மனநிலையில் இருக்கும்போது கூட உட்கார வெச்சுச் செய்யுங்க. அழுகை நடுவில் எதையும் கத்துக் கொடுக்க முடியாது. அவளே மண் அள்ளிப் போட்டது அவளுக்கு ஞாபகம் இருக்கும்.

பாட்டில் பிடிக்காத குழந்தைக்குப் பூவரசு பீப்பி. சென்னையில் தெருவோரமே பூவரசு நிற்கிறது. இலையைக் கழுவி, காம்பைக் கிள்ளி, இறுக்கிச் சுருட்டி, ஒரு நுனியை நசுக்கினால் பீப்பி. அழுதுகிட்டே அதை ஊத முடியாது. ஊதணும்னா மூச்சை நல்லா இழுத்து நீளமா விடணும். மூச்சை வெளியே விடும்போது இதயம் கொஞ்சம் மெதுவாகத் துடிக்கும். எங்கம்மா இதெல்லாம் படிக்கலை. ஆனா எந்தப் பிள்ளை அழுதாலும் முந்தானையைச் செருகிக்கிட்டுப் பூவரச மரத்துக்குத்தான் போவாங்க. இல்லைன்னா பனையோலைக் காத்தாடி. அதுவும் இல்லைன்னா சப்பாத்தி மாவில் ஒரு உருண்டை, பிசையறதுக்கு.

பசியில் அழுகிற குழந்தைக்குச் சோறும், தூக்கத்துக்கு அழுகிறதுக்கு மடியும்தான் வேணும். அங்கே பாட்டிலை நீட்டாதீங்க. அடிக்கடி தன்னையே அடிச்சுக்கிட்டு, யார் தேற்றியும் அடங்காமல் அழுதால் டாக்டரிடம் காட்டுங்க.

இவ்வளவு சொல்கிறவன் நல்ல அப்பனா இருந்தானான்னு கேட்டா, இல்லைங்க. என் மகனுக்கு அஞ்சு வயசில், பம்பரம் கிணத்தில் விழுந்துச்சுன்னு அழுதான். அன்றைக்கு மோட்டார் கெட்டுப் போய் நான் எரிச்சலில் இருந்தேன். "ஆம்பளப் பையன் அழுவானா"ன்னு ஓங்கி ஒண்ணு வெச்சேன். அழுகை உடனே நின்னுடுச்சு. அதுக்கப்புறம் அவன் என் முன்னால் அழுததே இல்லை. ரொம்ப நாள் அதைப் பெருமையாச் சொல்லிக்கிட்டுத் திரிந்தேன். மூணு வருஷத்துக்கு முன்னால் அவன் தொழிலில் பணத்தை விட்டுட்டுத் தவித்தபோது ஊரில் பத்துப் பேருக்குத் தெரிந்திருந்தது. எனக்குக் கடைசியாத்தான், அதுவும் டீக்கடையில் தெரிந்தது. அன்றைக்கு நான் நிறுத்தியது எதைன்னு அப்போதான் புரிந்தது.

இப்போ அவனுக்கு ஒரு குழந்தை பிறக்கப் போகுது. போன வாரம் வந்தவன் திண்ணையில் இருந்த பாட்டிலை எடுத்து, "இது என்னங்ப்பா?" என்று கேட்டான். சொன்னேன். பம்பரத்தையும் சொன்னேன், அடிச்சிருக்கக் கூடாதுன்னும் சொன்னேன். "அதெல்லாம் எனக்கு ஞாபகமே இல்லைங்ப்பா" என்றான். நான் நம்பலை. பாட்டிலைக் குலுக்கி வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தான். மணல் இறங்கி வண்டல் படிய ஆரம்பிக்கும் வரை ரெண்டு பேரும் பேசவில்லை.

எழுந்து போகும்போது, இதுக்கு எவ்வளவு மண் போடணும்னு கேட்டுக்கிட்டுப் போனான்.