ஷெஹ்னாய்க்காரரின் கதையும் வலீமாப் பந்தலும்

காளப்பநாயக்கன்பட்டியில் நம்மிடம் ஓத வரும் சிறுமி ஒருத்தி, பள்ளி நூலகத்திலிருந்து எடுத்துவந்த படப்புத்தகம் ஒன்றைச் சென்ற மாதம் நம் முன் விரித்தாள். இடப்பக்கம் தமிழ், வலப்பக்கம் ஆங்கிலம். உஸ்தாத் பிஸ்மில்லா கானின் வாழ்க்கைக் கதை. "ஹஜ்ரத், இவரு நம்ம ஆளுதானே? அப்ப அண்ணன் வலீமாவுக்கு ஷெஹ்னாய் வைக்கலாம்ல?" என்று கேட்டாள். அவளுடைய அண்ணனின் திருமணத்திற்கு அப்போது இரண்டு வாரங்களே இருந்தன.

நாம் பதில் சொல்லுமுன், அருகில் அமர்ந்திருந்த மஹல்லாப் பெரியவர் ஒருவர் புத்தகத்தை வாங்கி மூடினார். "மதரஸாவுக்குள்ள பாட்டுக்காரன் புத்தகமா?" என்று கடிந்துகொண்டார். பிள்ளை வாடிப்போனாள். அதே பெரியவரின் வீட்டு வலீமாவில், ஆளுயர ஒலிப்பெட்டிகள் மண்டபச் சுவரை அதிரவைத்த இரவை நாம் மறக்கவில்லை. விருந்தினர் ஒருவரோடொருவர் பேச இயலாமல் சைகையில் ஸலாம் சொல்லிக்கொண்டனர். அன்று முன்வரிசையில் அமர்ந்திருந்த அவர், "ஒரு நாள்தானே ஹஜ்ரத், சின்னஞ்சிறுசுகள் ஆசை" என்று நம்மிடமே சமாதானம் சொன்னார்.

நம் சமுதாயத்தின் நிலை இதுதான். பிள்ளை படிக்க விரும்பும் இசைக்கலைஞரின் வாழ்க்கை நமக்கு ஹராமாகத் தெரிகிறது. ஒலிபெருக்கி வாடகைக்காரர் தம் விருப்பத்திற்குத் தட்டிவிடும் சினிமாக் குத்துப்பாட்டு மட்டும் 'ஒரு நாள்' என்னும் சலுகையில் கூடிவிடுகிறது. வலீமாவில் என்ன ஒலிக்கவேண்டும் என்பதை வீட்டார் தேர்ந்தெடுப்பதில்லை. மணமகனின் நண்பர்களும் வாடகைக்காரரும் தேர்ந்தெடுக்கிறார்கள். நாம் பிரியாணிக்கு அரிசி பழையதா புதியதா என்று மூன்று நாள் ஆராய்கிறோம்.

அந்தப் புத்தகத்தை நாம் முழுவதும் படித்தோம். 1916-இல் பீகாரின் தும்ராவனில் பிறந்தது, காசியில் கங்கைக்கரைக் கோயிலில் பயின்றது, 2001-இல் பாரத ரத்னா பெற்றது, 2006-இல் மறைந்தது எல்லாம் ஒழுங்காக இருந்தன. ஆயினும் இரு மொழியிலும் ஒரு சொல் நம்மை உறுத்தியது. 'முஸ்லிமாக இருந்தும்' என்கிறது தமிழ்ப்பக்கம். ஆங்கிலப்பக்கமும் அதையே சொல்கிறது. அந்த 'இருந்தும்' எதற்கு? ஒரு முஸ்லிம் சிறுமி அதை இரு மொழியில் இருமுறை படிக்கிறாள். தன் மார்க்கம் ஒரு தடைக்கல், நல்லவர்கள் அதைத் தாண்டித்தான் நல்லவர்களானார்கள் என்றே அவள் மனத்தில் பதியும். அவர் தொழுகையைப் பேணிய மனிதர் என்பது அப்புத்தகத்தில் இல்லை. முஹர்ரம் எட்டாம் நாளில் கர்பலாவின் துயரை ஷெஹ்னாயில் வாசித்தபடி அழுதுகொண்டே நடப்பார் என்பதும் இல்லை. அவ்வழக்கம் நம் வழக்கமன்று, நாம் அதில் மாறுபடுகிறோம். ஆனாலும் அது அவருடைய வாழ்க்கை. அதை விட்டுவிட்டு எழுதினால் எஞ்சுவது பாதி மனிதர்.

எழுதியவர்களைக் குறைகூறி என்ன பயன்? நாம் எழுதாததை அவர்கள் எழுதினார்கள். திருவரங்கத்தில் வாழ்ந்த ஷேக் சின்ன மௌலானா சாஹிபை நம் பிள்ளைகளுக்கு யார் சொன்னது? ஆந்திரத்தின் கரவதியில் 1924-இல் பிறந்தவர். தலைமுறை தலைமுறையாக நாகஸ்வரம் வாசித்த முஸ்லிம் குடும்பம் அவருடையது. தஞ்சைப் பாணியின்மேல் கொண்ட காதலால் தமிழகம் வந்து தங்கி, 1998-இல் சங்கீத கலாநிதி விருது பெற்றார். மறு ஆண்டு மறைந்தார். அவரைப் பற்றி நம் பதிப்பகங்கள் ஒரு குழந்தைநூல் போட்டதாக நாம் பார்த்ததில்லை.

அதைவிட வெட்கம் நாகூர் ஈ.எம். ஹனீஃபா அவர்களின் விஷயம். 1925-இல் பிறந்து 2015 ஏப்ரலில் மறைந்த அந்தக் குரல் கேளாத முஸ்லிம் வீடு அன்றைய தமிழகத்தில் அரிது. இறைவனிடம் கையேந்தச் சொல்லும் அவருடைய பாட்டை மாற்று மதத்தாரும் மனமுருகக் கேட்கின்றனர். முஸ்லிம் வீட்டுத் திருமணங்களிலும் மீலாது மேடைகளிலும் ஒலிவாங்கி இல்லாவிட்டாலும் கடைசி வரிசைக்குக் கேட்கும்படி பாடியவர் அவர். திராவிட இயக்க மேடைகளிலும் ஓங்கி ஒலித்த குரல் அது. நம் மக்தபில் பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளிடம் அவர் யாரென்று கேட்டோம். இருவர் மட்டும் கை உயர்த்தினர். அதில் ஒருவன், "பாப்பாவோட ரிங்டோன்ல பாடுறவரு" என்றான். தன் தாத்தாவைச் சொன்னான்.

எங்கள் ஊர் கொல்லிமலையின் அடிவாரம். காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறினால் செம்மேடு. அங்கே ஆடி மாதம் வல்வில் ஓரி விழா நடக்கிறது. பாணர்க்கு வாரி வழங்கிய ஓரியையும், அவனைப் பாடிய வன்பரணரையும் நம் பிள்ளைகள் பள்ளியில் படித்து ஒப்பிக்கிறார்கள், மகிழ்ச்சி. ஈராயிரம் ஆண்டுக்கு முந்திய பாணரை அறிந்த பிள்ளை, பாட்டனார் கேட்ட பாடகரை அறியவில்லை.

"இசையே கூடாது என்கையில் இசைக்காரர் வரலாறு எதற்கு?" என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானது; மழுப்ப மாட்டோம். இசைக்கருவிகளைக் கண்டிக்கும் ஹதீஸ் புகாரியில் உண்டு. நான்கு மத்ஹபின் பெரும்பான்மை அறிஞர்கள் நரம்புக்கருவியையும் குழலையும் தடுத்தார்கள். இப்னு ஹஸ்ம் அந்த அறிவிப்பின் தொடரில் குறைகண்டு அனுமதித்தார். இமாம் கஸ்ஸாலி 'இஹ்யா'வில் இசை கேட்பதற்கென ஒரு பகுதியே ஒதுக்கி, பாடுபொருள், கேட்பவர், சூழல் என்று பிரித்து ஆராய்ந்தார். நாம் பெரும்பான்மையோடு நிற்பவர்கள். வலீமாவில் தஃப் போதும், ஷெஹ்னாய் வேண்டாம் என்பதே அச்சிறுமிக்கு நாம் சொன்ன பதில். ஆனால் வாழ்க்கை வரலாறு ஃபத்வா அன்று. ஒருவரின் உழைப்பையும் பணிவையும் வறுமையையும் படிப்பதற்கு அவர் கைக்கருவியை நாம் ஏற்றாகவேண்டும் என்பதில்லை. ஜாஹிலிய்யாக் காலத்துக் கவிஞர் இம்ரவுல் கைஸை அரபு மதரஸாக்கள் மொழிக்காகப் படித்துத்தானே வருகின்றன?

இன்னொன்றும் சொல்லவேண்டும். ருபய்யிஃ பின்த் முஅவ்வித் (ரலி) அவர்களின் மணநாளில் சிறுமியர் தஃப் அடித்துப் பாடிக்கொண்டிருந்தபோது அல்லாஹ்வின் தூதர் (ஸல்) அங்கே வந்தமர்ந்தார்கள். அச்சிறுமியர் பாடியது என்ன? பத்ரில் வீரமரணம் எய்திய தம் தந்தையரின் புகழ். அதாவது, அந்த மணவீட்டின் பாட்டே ஒரு வாழ்க்கை வரலாறு! நாளை நடப்பதை அறியும் நபி நம்மிடம் உண்டு என்று ஒருத்தி பாடியதும், அதை விட்டுவிட்டு முன்பு பாடியதையே பாடும்படி சொன்னார்கள். பாட்டை நிறுத்தவில்லை, ஒரு வரியைத்தான் நீக்கினார்கள். பாட்டின் சொல்லைக் காதுகொடுத்துக் கேட்டதால்தான் அந்த வரி பிடிபட்டது. நம் மண்டபங்களில் யார் சொல்லைக் கேட்கிறார்கள்? கேட்டிருந்தால் அந்தக் குத்துப்பாட்டுகளில் பாதியை மணமகளின் தந்தையே எழுந்து நிறுத்தியிருப்பார்.

ஒலிப்பெட்டியை 'ஹராம்' என்ற ஒற்றைச் சொல்லால் மட்டும் வெளியேற்றிவிட முடியாது. முப்பது ஆண்டாக முயன்றாயிற்று. அதற்குப் பதில் பாட என்ன இருக்கிறது என்று பிள்ளைக்குத் தெரியவேண்டும். முனாஜாத்தும் கிஸ்ஸாவும் பாடிய சமுதாயம் இது. குணங்குடி மஸ்தான் சாகிபு பாடிய மொழி இது. எட்டு வயதில் அறிந்தால்தான் இருபத்தைந்தில் அவன் தன் வலீமாவுக்குத் தேர்ந்தெடுப்பான். வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் வளரும் நம் பிள்ளைகளுக்குத் தமிழ் மட்டும் போதாது, ஆங்கிலம் மட்டும் இருந்தால் பாட்டு எட்டாது. ஆகவே இரு மொழியும் ஒரே நூலில் வேண்டும்.

சிறுமியின் தகப்பனாரிடம் பேசினோம். ஒலிபெருக்கிக்கு முன்பணம் கொடுத்தாயிற்றே என்று தயங்கினார். சம்பந்தி வீட்டார் என்ன நினைப்பார்களோ என்று இன்னும் தயங்கினார். கடைசியில் ஒலிவாங்கி ஒன்று மட்டும் போதும் என்று சம்மதித்தார். ஹனீஃபாவின் ஒலிநாடாவில் ஆர்மோனியம் உண்டே என்று மூடிய புத்தகத்துப் பெரியவர் சரியாகவே மறித்தார். அதனால் நம் மாணவர் அறுவர் தஃப் மட்டும் வைத்துக்கொண்டு அப்பாடல்களையும் பைத்தையும் பாடினார்கள். இரண்டாம் பாட்டில் தாளம் தவறியது. மணமகனின் நண்பர்கள் சிலர் சாப்பிட்டதும் கிளம்பிவிட்டார்கள். பெண் வீட்டுப் பாட்டி ஒருவர் மட்டும் அருகில் நாற்காலி போடச் சொல்லி, எல்லாப் பாட்டையும் கூடவே முணுமுணுத்தார்.

இப்போது பதினாறு பக்கத்தில் ஹனீஃபா அவர்களின் கதையை எழுதிவருகிறோம். தமிழ்ப்பக்கம் நம்முடையது, ஆங்கிலப்பக்கத்தை அச்சிறுமியும் அவள் அக்காவும் எழுதுகிறார்கள். 'இருந்தும்' என்ற சொல் எந்தப் பக்கத்திலும் வரக்கூடாது என்பது மட்டுமே நாம் விதித்த நிபந்தனை. முதல் பக்கத்திலேயே நின்றுவிட்டார்கள். 'இசைமுரசு' என்ற பட்டத்தை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது என்று நேற்று வந்து கேட்டாள், கேட்டுவிட்டு, "முரசுன்னா தஃப் மாதிரிதானே ஹஜ்ரத்?" என்றாள்.